மகளுக்குக் கொடுத்த வீட்டின் வழக்கு

1. மூன்று முறை அழைத்தும்

நீதிமன்ற ஆராச்சி ஆதம்லெப்பையின் பெயரை மூன்று முறை கூவினார். பெயர் கூவி அழைப்பதுதான் அவருடைய உத்தியோகம்; அதில் அவர் குறை வைத்தவரல்லர். முதன்முறை மண்டபத்துக்குள், இரண்டாம் முறை விறாந்தையில், மூன்றாம் முறை வெளியே வாகை மரத்தடியில், தேநீர்க் கடை வரை கேட்கும்படி. மரத்தடியில் படுத்திருந்த ஆடு ஒன்று தலையை உயர்த்தியது. வேறு எவரும் அசையவில்லை.

நான் அப்போது சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞனாகப் பதினெட்டாவது ஆண்டில் இருந்தேன். ஊரார் எங்களைக் 'கிளாக்கர்' என்பர்; மூத்த ஆண்களை நாங்கள் அண்ணன் முறையில் 'காக்கா' என்போம். எங்கள் சட்டத்தரணியை ஐயா என்றே அழைத்தோம். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். ஐயா வழக்கும் பேசுவார். நொத்தாரிசாக உறுதியும், அதாவது காணிப் பத்திரமும், முடிப்பார். என் வேலைகள் மூன்று. வழக்கு எடுக்கப்படும் நாள்களான தவணைகளைத் தவணைக் கொப்பியில் பதிவது ஒன்று. கட்சிக்காரரை அந்தத் தவணைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று. காணி உறுதிகளுக்கு வரைவு எழுதுவது ஒன்று. இம்மூன்றும் ஒரே மேசையில், ஒரே மனிதனின் கையால் நடந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கக்கூடும். இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் அதை அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

ஆதம்லெப்பை சாய்ந்தமருதுக் கடற்கரையில் தோணி வைத்திருந்தவர். அவருடைய வளவுக்கு, அதாவது வீட்டு மனைக்கு, மேற்கே அடுத்த வளவு மீராசாகிபு என்ற ஓய்வுபெற்ற தபால்காரருடையது. இருவருக்கும் இடையிலிருந்த வேலி ஒன்றரை முழம் நகர்ந்துவிட்டது என்பது வழக்கு. யார் நகர்த்தியது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினர். அந்த ஒன்றரை முழத்துக்குள் ஒரு தென்னம்பிள்ளை நின்றது. வழக்குத் தொடங்கியபோது அது இடுப்பளவு. ஊரடங்கு, ஹர்த்தால், நீதிபதிகளின் இடமாற்றம், நில அளவையாளரின் மகளின் திருமணம் ஆகிய தடைகளையெல்லாம் தாண்டி வழக்கு விசாரணைக்கு வந்தபோது, பதினோராண்டு கழிந்து, ஆள் ஏறிப் பறிக்க வேண்டிய மரமாகிவிட்டது. காய்களை எவரும் பறிக்கக்கூடாது என்று இடைக்காலத் தடையுத்தரவு இருந்தபடியால் அவை தாமாகவே விழுந்தன. தடையுத்தரவுக்குக் கட்டுப்படாத தெருப்பிள்ளைகள் பொறுக்கிச் சென்றனர்.

அன்று விசாரணை நாள். வழக்கைத் தொடுத்தவரே வரவில்லை. ஐயா எழுந்து, "கட்சிக்காரரிடமிருந்து எனக்கு அறிவுறுத்தல் இல்லை" என்றார். சட்டத்தரணி ஒருவர் இப்படிச் சொன்னால் அவரும் வராதவராகவே கொள்ளப்படுவார். எதிராளியான மீராசாகிபு தோய்த்த சட்டையும் தொப்பியுமாக முன் வாங்கில் இருந்தார். நீதிபதி ஏட்டில் நான்கு வரி எழுதினார். வழக்காளி வழக்கை நடத்தத் தவறினார், வழக்குத் தள்ளுபடி. பதினோராண்டு வழக்கு முடிய இரண்டு நிமிடம் ஆயிற்று.

இப்படித் தள்ளுபடி செய்யும் நீதிமன்றம் எவர் பக்கம் நியாயம் என்று கூறுவதில்லை. கேட்க வந்தவன் இல்லை என்று மட்டுமே கூறுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். பின்னால் ஓர் அதிகாரி அதை மறந்துவிடுவார்.

விறாந்தையில் மீராசாகிபு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கிளாக்கர் தம்பி, முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. நீங்க வெண்டிட்டீங்க."

"என்னத்த வெண்ட? அந்தாள் வரவே இல்லையே. அவர்ர மூஞ்சிக்கு நேர சொல்ல எண்டு வெச்சிருந்த கதையெல்லாம் வயித்துக்குள்ளயே கிடக்கு."

"வீட்ட போய்ச் சொல்லுங்க காக்கா. பக்கத்து வளவுதானே."

"அங்க கதைக்கிறல்ல. பதினொரு வருசமாக் கதைக்கிறல்ல. கோட்டுலதான் நாங்க கண்டுகொள்ளுற." சற்று நின்று, "இனித் தவணை இல்லாட்டி நான் எங்க போற?" என்றார்.

வெற்றி பெற்ற ஒருவரை அவ்வளவு துயரத்துடன் அந்த விறாந்தையில் நான் கண்டதில்லை.

2. எந்த வாசலால்

பிற்பகல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆதம்லெப்பையின் வீட்டுக்குப் போனேன். நோயோ விபத்தோ என்று அஞ்சிப் போனேன். அவர் வளவின் பின்புறத்தில், கிடுகு வேய்ந்த புதிய குடிலின் முன்னால் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஆசியா உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"காக்கா, இண்டைக்கு வழக்கு."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுமா வரல்ல?"

"அது என்ட வழக்கு இல்லையே தம்பி. வளவ மூத்த புள்ளைக்கு எழுதிக் குடுத்திட்டன். நீங்கதானே எழுதின."

எழுதியவன் நான்தான். மூன்று வாரங்களுக்கு முன்னர் மூத்த மகள் ஜெஸீமாவுக்குத் திருமணம். எங்கள் கரையில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதே வழக்கம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். வீட்டை எழுதிக் கொடுத்த பெற்றோர் பின்வளவில் ஒதுங்கிக்கொள்வர். அன்றிலிருந்து தகப்பன் தான் கட்டிய வீட்டுக்குள் முன்வாசலால் போவதில்லை. போக வேண்டியிருந்தால் குசினிப் பக்கமாகச் சென்று, இருமிவிட்டு நிற்பார். அந்த ஒழுங்கைச் சட்டத்தில் எவரும் எழுதவில்லை. அதனால் எவரும் மீறுவதுமில்லை.

"வீடு குடுத்தது சரி காக்கா. வழக்கு உங்கட பேரிலதானே கிடக்கு."

"பேரில கிடந்தா? மருமகன் வந்து இருக்கிற வீட்ட, கோட்டுல போய் நிண்டு 'இது என்ட காணி' எண்டு நான் சொல்றதா? ஆரும் கேட்டா என்ன நினைப்பாங்க? குடுத்தத திரும்பிக் கேக்கிறான் எண்டு பள்ளிவாசல் வரைக்கும் கதை போகும்."

மருமகன் றிஸ்வான் வேலை முடிந்து வந்து சேர்ந்தார். மருதமுனையில் தறி வைத்திருக்கும் குடும்பம். மெல்லப் பேசும் பிள்ளை. அவரிடம் கேட்டேன்.

"மாமாட வழக்குக்கு நான் என்னெண்டு போற? மாமா உசிரோட இருக்கக்குள்ள நான் முன்னுக்குப் போய் நிண்டா, வந்து மூணு கிழமையில ஆள் எல்லாத்தையும் புடிச்சிட்டான் எண்டுவாங்க."

உறுதியின்படி உரிமையாளரான ஜெஸீமா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "எனக்கு ஆரும் சொல்லவே இல்ல. தவணைக் கடதாசி வாப்பாட பேருக்குத்தானே வந்த. அத நான் உடைச்சுப் பாக்கிறதா?"

மூவரும் மரியாதை தவறாதவர்கள். மூவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். அவ்வாறு விட்டுக்கொடுத்ததில் வழக்கு இறந்தது. நிலம் கை மாறியதும் மகளின் பெயரை வழக்காளியாகச் சேர்க்கும்படி மனுச் செய்திருக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவன் யார் என்று யோசித்துக்கொண்டே ஐயாவின் அலுவலகமான கந்தோருக்குத் திரும்பினேன். கதவைத் திறப்பதற்கு முன்னரே விடை தெரிந்துவிட்டது.

அலுமாரியில் வழக்குக் கட்டு மேல் தட்டில் இருந்தது. அதற்கு நேர் கீழே, சீதன உறுதியின் பிரதி. 'வழக்கு, வில்லங்கம் எதுவுமற்ற' காணியை அன்புமகளுக்கு நன்கொடையாகக் கொடுப்பதாக அதில் என் கையெழுத்தில் எழுதியிருந்தது. எல்லா உறுதியிலும் எழுதும் வாசகம் அது. கை தானாகவே எழுதிவிடும். ஐயாவிடம் இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் எழுதினீர் சாலி. நான் ஒப்பம் வெச்சன். வாசிச்சது ஆர்?"

"ஒருத்தரும் இல்ல ஐயா."

"சரி. வைத்தியரிட்ட ஒரு காய்ச்சல் துண்டு எடும். திரும்பத் திறப்பிப்பம்."

தள்ளுபடியான வழக்கைத் திரும்பத் திறக்கலாம். வராமைக்குத் தகுந்த காரணத்தைச் சத்தியக்கடதாசியில் காட்டி, நியாயமான காலத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். எங்கள் பகுதியில் தகுந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: காய்ச்சல். வழக்குக்கு வராத அனைவரும் காய்ச்சலாலேயே வராதிருந்தனர். எங்கள் பழைய ஏடுகளை நம்பி எவரேனும் இக்கரையின் சுகாதார வரலாற்றை எழுதப் புகுந்தால், தவணை நாள்களில் மட்டும் பரவி மறுநாள் காலையில் அடங்கிவிடும் ஒரு கொள்ளைநோயைப் பற்றி வியந்து எழுத நேரும்.

ஆதம்லெப்பை துண்டு வேண்டாம் என்றார். "போனாப் போகட்டும் தம்பி. வேலி கிடக்கிற இடத்தில கிடக்கட்டும். நான் இனி அந்தப் பக்கம் பாக்கிறதும் இல்ல." வழக்குக் கட்டை நாடாவால் இறுக்கிக் கட்டி, முடிந்த வழக்குகளுக்குரிய உச்சித் தட்டில் ஏற்றினேன். என் பிழையும் அதோடு மேலே ஏறிவிட்டது என்று சற்று ஆறுதலடைந்தேன்.

3. வெறுவளவு

ஐந்து மாதம் கழித்து, கடல் ஊருக்குள் புகுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதைப்பற்றி எழுத என்னால் இயலாது. எங்கள் கரையில் அதை அறியாதவரும் இல்லை. ஆசியா உம்மா அலையில் சிக்கி மௌத்தானார். மீராசாகிபுவின் வீட்டில் இருவர். இரண்டு வீடுகளும், வேலியும், தென்னையும் போயின. கிணற்றின் கட்டு ஒன்று மட்டும் மணலுக்கு மேலே நின்றது. பதினோராண்டு வாதாடிய ஒன்றரை முழம் எந்த இடத்தில் இருந்தது என்று இருவராலும் கால் வைத்துக் காட்ட முடியவில்லை.

எஞ்சியவர்கள் பாடசாலை முகாமில் இருந்தார்கள். கடலுக்கு அருகே இனி எவரும் கட்டக்கூடாது, வீடிழந்தோருக்கு உட்பக்கத்தில் வீடு தரப்படும் என்று அறிவித்தார்கள். பெயர் பதியத் தற்காலிகமாக ஓர் அலுவலகம் திறந்தார்கள். அங்கிருந்த பட்டியலில் ஆதம்லெப்பையின் வளவு ஒரே வீடு, ஒரே குடும்பம் என்றிருந்தது. திருமணம் முடிந்து ஆறு மாதமே ஆனதால் ஜெஸீமா இன்னும் தகப்பனின் குடும்பத்துக்குள்ளேயே எண்ணப்பட்டிருந்தார். அப்படியானால் ஒரு வீடுதான். அது தகப்பனின் பெயருக்கு வரும். அவருக்கோ இன்னும் திருமணமாகாத இளைய மகள் நஸ்ரினா இருந்தார். மூத்தவருக்குக் கொடுத்தாயிற்று; இனி வருவது இளையவருக்குரியது.

இரண்டு மாதம் சென்று ஜெஸீமா தமது உறுதியின் அத்தாட்சிப் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி மேலிருந்து கீழாக வாசித்தார்.

"இதில வீடு எண்டு ஒண்டும் இல்லையே தங்கச்சி."

"வீடு இருந்திச்சு சேர்."

"இருந்திருக்கும். உறுதியில இல்ல. 'தென்னைகள் நிற்கும் வெறுவளவு' எண்டு கிடக்கு. வெறுவளவு கடலோட போனா நான் என்னெண்டு கல்வீடு குடுக்கிற?"

அங்கிருந்து நேரே எங்கள் கந்தோருக்கு வந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி. வாங்கில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்த பிரதியை மேசையில் வைத்தார்.

"கிளாக்கர் காக்கா, எங்கட வீட்டில இருந்து நீங்க தேத்தண்ணி குடிச்சிரிக்கீங்கதானே?"

"ஓம் புள்ள."

"ஒரு தரம் இல்ல. எந்தக் கோப்பையில குடிச்ச எண்டும் எனக்குத் தெரியும். அப்ப வெறுவளவு எண்டு எழுதினது ஏன்?"

விடை சொல்ல வெட்கமாயிருந்தது. உறுதி எழுதுபவன் முன்னுறுதியைப் பார்த்து எழுதுவான், அதுவே தொழில்முறை. ஆதம்லெப்பைக்கு அவருடைய பெற்றோர் எழுதிய உறுதியில் அது வெறுவளவு. அப்போது அது வெறுவளவாகவே இருந்தது. பின்னர் அவர் கல்வீடு கட்டினார், கிணறு கட்டினார், அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவை எவற்றையும் நான் எழுதவில்லை. நான் பார்த்து எழுதியது வளவையல்ல, பழைய கடதாசியை.

"மாமி என்ன சொல்றா தெரியுமா?" என்றார் ஜெஸீமா. "மகனுக்கு வெறுவளவக் குடுத்து ஏமாத்திட்டாங்களாம். கடதாசியே சொல்லுதாம். அவர் ஒண்டும் சொல்றல்ல. ஆனா நாளைக்கு இந்தப் புள்ள பொறந்தா எங்க கொண்டு போற எண்டு கேட்டா, அவர் மருதமுனைக்குத்தான் கூப்பிடுவார். மாமி வீட்ட நான் எப்படிப் போய் இருக்கிற? எங்கட ஊர்ல அப்படி ஆரும் போறதா?"

அந்தக் கடைசிக் கேள்வியின் கனம் வெளியூரார்க்கு விளங்காது. பெண் தன் வீட்டில் இருப்பாள். கணவன் அங்கே வருவான். வீடில்லாத பெண் கணவனின் தாயின் வீட்டில் ஒண்டியிருப்பது எங்கள் கரையில் திருமணம் பாதியில் நிற்பதற்கு ஒப்பானது.

அவர் போன பிறகு ஏணி வைத்து உச்சித் தட்டில் ஏறினேன். தண்ணீர் கந்தோருக்குள் முழங்கால் வரை வந்திருந்தது. நடந்துகொண்டிருந்த வழக்குகளின் கட்டுகள் கீழ்த்தட்டில் ஊறிக் கூழாகிவிட்டன. முடிந்த வழக்குகள் மேலே காய்ந்தபடி பத்திரமாக இருந்தன. ஆதம்லெப்பையின் கட்டுக்குள் நீதிமன்ற ஆணையின்படி நில அளவையாளர் வரைந்த படத்தின் பிரதி இருந்தது. ஐந்து அறைக் கல்வீடு, கிணறு, வேலி, தென்னை, மேற்கே மீராசாகிபுவின் கல்வீடு, எல்லாம் அளவோடு. அந்த இரண்டு வீடுகளும் உலகில் இருந்தன என்று அரசாங்க முத்திரையோடு சொல்லும் கடதாசி அது ஒன்றுதான்.

மறுநாளே அத்தாட்சிப் பிரதி எடுத்து ஜெஸீமாவுடன் போனேன். அதிகாரி படத்தை மெச்சினார். பின்னர் ஏட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"இது தள்ளுபடியான வழக்கு."

"வழக்காளி வராததால தள்ளுபடி சேர். காணி அவங்கட இல்ல எண்டு கோடு சொல்லல்ல."

"தள்ளுபடி எண்டா தள்ளுபடிதான். கோடே தள்ளின காணிக்கு நான் வீடு குடுத்தா, நாளைக்கு என்னத் தள்ளுவாங்க. வழக்கு உசிரோட இருந்தாக் கொண்டு வாங்க."

4. இருவரின் ஒற்றுமை

அதே கிழமையில் மீராசாகிபுவும் கந்தோருக்கு வந்தார். அவருடைய உறுதி அலையோடு போய்விட்டது. எண் தெரியாது, முடித்த நொத்தாரிசும் காலமாகிவிட்டார். அவருக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. ஆதம்லெப்பையும் வந்தார். இருவரும் ஒரே வாங்கின் இரு கோடியில் இருந்தார்கள். நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒன்றரை முழம் இருக்கும்.

"அந்தப் படம் சரியான படம்," என்றார் மீராசாகிபு.

நான் கட்டைப் பிரித்தேன். "பிழையான படம் எண்டு நீங்க சத்தியக்கடதாசி தந்திரிக்கீங்க. நில அளவையாளர் வழக்காளிட வீட்டில புரியாணி சாப்பிட்டிட்டு வரைஞ்சவர் எண்டும் சொல்லியிரிக்கீங்க."

"அப்ப வீடு இருந்திச்சு தம்பி. பிழை புடிக்க வசதி இருந்திச்சு."

"புரியாணி குடுத்தது மெய்தான்," என்றார் ஆதம்லெப்பை, சுவரைப் பார்த்துக்கொண்டு. "மிச்சத்த இவர்ர வீட்டுக்கும் அனுப்பின. சட்டியத் திருப்பித் தந்தாங்க, கழுவி."

பதினோராண்டுக்குப் பின்னர் அவர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே பேசிய முதற்பேச்சு அதுதான்.

ஐயா வழியைச் சொன்னார். வழக்கைத் திரும்பத் திறக்க வேண்டும். ஜெஸீமாவை வழக்காளியாக்க வேண்டும். இரு பக்கமும் படத்தை ஏற்று இணக்கமாகத் தீர்ப்பாணை பெற வேண்டும். பின்னர் என் பக்கம் திரும்பி, "காய்ச்சல் துண்டு" என்றார்.

"எனக்கு அண்டைக்குக் காய்ச்சல் இல்ல ஐயா," என்றார் ஆதம்லெப்பை.

"அது எங்களுக்குத் தெரியும். கோட்டுக்குத்தான்."

"இல்ல ஐயா. அண்டைக்கு ஜெஸீமாட உம்மா சூரை மீன் பொரிச்சுத் தந்தவ. குடிலுக்கு முன்னுக்கு ரெண்டு பேரும் இருந்து தின்ட. இந்தத் தம்பி வந்திட்டுப் போனப் புறகு, 'ஏன் அந்தாள் மூஞ்சி அப்படி இரிக்கி' எண்டு கேட்டு அவ சிரிச்சவ. நல்லா இருந்த நாள் ஐயா அது. அத நான் காய்ச்சல் எண்டு சத்தியம் பண்ண மாட்டன்."

மீராசாகிபு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மெய்யத்தான் சொல்லணும்," என்றார் ஐயா. "மகளுக்குக் குடுத்ததால தனக்கு வழக்கில்ல எண்டு நினைச்சார். சரி. அவர் அப்படி நினைக்கலாம். வழக்கக் கொண்டு நடத்தின கந்தோர் ஏன் பெயர மாத்தல்ல எண்டு நீதிபதி கேப்பார். அதுக்கு ஆர் மறுமொழி?"

"நான் சத்தியக்கடதாசி தாறன் ஐயா," என்றேன். "உறுதி எழுதினவன் நான். வழக்க வெச்சிருந்தவனும் நான். வெறுவளவு எண்டு எழுதினதும் நான்தான்."

"உறுதியில என்ட ஒப்பம் இரிக்கி சாலி. என்ட பேரும் வரும்."

"வரும் ஐயா."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். நாற்பதாண்டுகளாக எவரிடமும் பிழை ஒப்புக்கொள்ளாத மனிதர், தொழில் அப்படி. கடைசியில் வெற்றுத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "வடிவா எழுதும். பிழை போகுதுதானே. அது எழுத்துப் பிழை இல்லாமப் போகட்டும்."

மனு எடுக்கப்பட்டபோது புதிய நீதிபதி ஒருவர் வந்திருந்தார். ஒன்பது மாதம் கழித்து வந்த மனு. 'நியாயமான காலம்' என்பதற்குள் அது அடங்குமா என்பதே கேள்வி. மறுத்துவிட்டால் ஜெஸீமாவுக்கு வேறு வழியில்லை. கைக்குழந்தையுடன் அவர் பின் வாங்கில் இருந்தார்.

நீதிபதி என் சத்தியக்கடதாசியை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இதைத் தந்தவர் யார்?"

எழுந்து நின்றேன்.

"எவருக்கும் காய்ச்சல் இல்லையா?"

"இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

"நான் வந்த பின்னர் இந்த மன்றில் காய்ச்சல் இல்லாத முதல் மனு இதுதான்," என்று கூறிவிட்டு எதிராளியின் பக்கம் பார்த்தார். "நீங்கள் வென்ற வழக்கு. இதைத் திரும்பத் திறப்பதற்கு ஆட்சேபம் உண்டா?"

மீராசாகிபுவின் சட்டத்தரணி எழுவதற்கு முன்னர் மீராசாகிபுவே எழுந்துவிட்டார். "வெண்ட வழக்கில எனக்கு ஒண்டுமில்ல சேர். நடக்கிற வழக்கில ஒரு வீடு இரிக்கி."

அவருடைய சட்டத்தரணி மெல்ல இருந்துகொண்டார். அதைவிடச் சிறந்த வாதம் அவரிடம் இல்லை.

தள்ளுபடிக் கட்டளை நீக்கப்பட்டது. ஜெஸீமா வழக்காளியானார். அன்றே இணக்கத்தைப் பதியத் தொடங்கினர். பாதி மணலுக்கடியிலும் பாதி கடலுக்கடியிலும் கிடந்த ஒரு வேலியின் இடத்தை நீதிமன்றம் அங்குலம் தவறாது நிர்ணயித்தது. எல்லாம் முடியும் தறுவாயில் நீதிபதி கேட்டார்: "தென்னை யாருக்கு?"

"எங்களுக்கு," என்றார் ஆதம்லெப்பை.

"அதெப்படி? வேரெல்லாம் என்ட பக்கம்," என்றார் மீராசாகிபு.

இல்லாத மரத்தின் வேர் எந்தப் பக்கம் ஓடியது என்று இருவரும் மன்றில் தொடங்கிவிட்டார்கள். ஐயா பலமாக இருமினார். பின் வாங்கிலிருந்து ஜெஸீமா எழுந்து, "தென்னைய அவங்களுக்கே குடுங்க சேர். எனக்கு வீடு மட்டும் காணும்," என்றார். வழக்காளி முதன்முறையாக வழக்கை நடத்தினார்.

5. வழக்கு, வில்லங்கம்

தீர்ப்பாணையைக் கண்ட அதிகாரி மறுபேச்சின்றி ஜெஸீமாவைத் தனிக் குடும்பமாகப் பதிந்தார். மாமியின் கதையும் அந்தக் கிழமையோடு நின்றது. வீடுதான் வரவில்லை. அடிக்கல் நாட்ட ஒருவர் வந்தார். அதே கல்லை வேறோரிடத்தில் நாட்ட இன்னொருவர் வந்தார். ஜெஸீமாவும் குழந்தையும் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். றிஸ்வானும் அங்கேயே இருந்தார். யுத்தம் முடிந்ததாக வானொலி சொன்ன ஆண்டில்தான் வயலோரத்துக் குடியேற்றத்தில் வீட்டுத் திறப்புகளை, அதாவது சாவிகளை, கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஜெஸீமாவுக்கு ஒரு மூலையில் வீடு கிடைத்தது. ஆதம்லெப்பைக்கும் மீராசாகிபுவுக்கும் அடுத்தடுத்த வீடுகள்.

சில ஆண்டுகளில் நஸ்ரினாவுக்குத் திருமணம் பேசினார்கள். ஆதம்லெப்பை தமக்குக் கிடைத்த வீட்டை அவருக்கு எழுத வந்தார். அந்த வீடுகளை விற்கக்கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை இருந்தது. சீதனம் கொடுக்கக்கூடாது என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை.

இம்முறை முன்பத்திரத்தைப் பார்த்து எழுதவில்லை. சைக்கிளில் போனேன். அறைகளை எண்ணினேன், கிணற்றைப் பார்த்தேன், ஆதம்லெப்பை இப்போது எந்த வாசலால் உள்ளே போகிறார், நாளை எந்த வாசலால் போவார் என்றும் கேட்டுக்கொண்டேன். முப்பத்தொரு ஆண்டுத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான். கடதாசியை நம்புவதற்கு முன்னர் வளவுக்குப் போய்ப் பாருங்கள். கட்சிக்காரர் தவணைக்கு வராவிட்டால், அவர் வீட்டுக்குள் எந்த வாசலால் போகிறார் என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கே விளங்கிவிடும்.

உறுதி முடிக்கும் நாளில் ஜெஸீமாவும் தங்கையுடன் வந்தார். "முழுசா வாசிங்க காக்கா," என்றார். வாசித்தேன்.

"வீடு எண்டு இரிக்கா?"

"கல்வீடு, மூன்று அறை, குசினி, கிணறு. எல்லாம் இரிக்கி புள்ள."

"சரி. மிச்சத்தையும் வாசிங்க."

'வழக்கு, வில்லங்கம் எதுவுமற்ற' என்ற இடத்தில் என் குரல் தானாக நின்றது. பேனாவைக் கீழே வைத்தேன். "காக்கா, இந்த வளவில வழக்கு ஏதும் இரிக்கா?" என்று ஆதம்லெப்பையைக் கேட்டேன். அவர், சாட்சிக் கையொப்பமிட வந்து வாங்கின் மறுகோடியில் இருந்த மனிதரைப் பார்த்தார்.

"இண்டைக்கு வரைக்கும் இல்ல," என்றார் மீராசாகிபு. "வேலி இனித்தான் போடணும்."

'இன்றுவரை' என்று சேர்த்து எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுச் சாட்சியாகக் கையொப்பமிட்டார்.